செத்துப்போன ஐந்து சோலனாய்டுகள்

"அம்மணி, நான் ஒரு கியர் பெட்டியைக் கொன்னுட்டனுங்க."

மருதாசலம் அறை வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

பூங்கோதை டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். பட்டறை அவளுடையது. ஆட்டோமேட்டிக் கியரில் கோளாறு என்றால் கோயமுத்தூரில் பாதிப் பேர் அவளிடம்தான் வருவார்கள். மருதாசலம் அவளைவிட மூத்தவர். லாரி கியரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். இந்த ஆட்டோமேட்டிக் வித்தையைக் கற்றுக்கொள்ள அவளிடம் வந்து சேர்ந்திருந்தார்.

"எந்த வண்டிங்கண்ணா?"

"முந்தாநாள் நான் ஆயில் மாத்துன வெள்ளை வண்டிங்க. மூணாவது கியரை விட்டு அசைய மாட்டேங்குது. ஓனர் வெளிய உக்காந்திருக்காரு. 'நீங்க தொட்ட வண்டி, எனக்குப் பயமில்லை'ங்கறாரு. அவரு முகத்தைப் பாக்க முடியலீங்க."

"டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க. அஞ்சு சோலனாய்டும் போச்சு."

சோலனாய்டு என்பது கியர் பெட்டிக்குள் எண்ணெய்க்கு வழிவிடும் சின்ன மின்வால்வு. மீட்டரின் இரண்டு குச்சிகளையும் அதன் முனைகளில் வைத்தால் ஓர் எண் வரவேண்டும். வராவிட்டால் உள்ளே சுருள் அறுந்தது என்று பொருள்.

"அஞ்சுமா?"

"அஞ்சுமேதானுங்க."

"ஒரே சமயத்துலயா?"

"என் கை பட்டுருச்சில்லீங்க! பெட்டியை இறக்கணும்னு ஓனர்கிட்டச் சொல்லிடறேன். நாளையிலிருந்து பழையபடி லாரிக்கே போறனுங்க. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மனிதர் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டுத்தான் விசாரணைக்கே வந்திருந்தார்.

"மீட்டரைக் கொண்டாங்க."

கொண்டுவந்தார்.

பூங்கோதை வண்டிப் பக்கம் போகவே இல்லை. சிவப்புக் குச்சியின் நுனியைக் கறுப்புக் குச்சியின் நுனியோடு சேர்த்துப் பிடித்தாள். மீட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

நுனியும் நுனியும் தொட்டால் மீட்டர் பூஜ்யம் காட்டியாக வேண்டும்.

காட்டவில்லை. ஐந்து சோலனாய்டுக்கும் சொன்ன அதே பதிலைச் சொன்னது.

"இப்ப எதுங்கண்ணா செத்துப்போச்சு?"

மருதாசலம் சிவப்பு வயரை விரலால் நீவிக்கொண்டே போனார். குச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வயர் தொளதொளவென்று மடங்கியது. உள்ளே அறுந்து கிடந்தது.

அவள் தன் மீட்டரை நீட்டினாள்.

இந்த முறை முதலில் குச்சி இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். பூஜ்யம். அப்புறம்தான் வண்டிக்கடியில் புகுந்தார்.

"ஒண்ணு இருக்குதுங்க!"

பூங்கோதை டீயைக் குடித்தாள்.

"ரெண்டாவதும் இருக்குது!"

மூன்றாவது, நான்காவது என்று குச்சி நகர்ந்தது.

"அஞ்சும் உசுரோட இருக்குதுங்க, அம்மணி!" அடியிலிருந்தே கத்தினார். "அப்புறம் ஏனுங்க கியர் மாறலை?"

"டெஸ்ட் பண்ண, சோலனாய்டுக்குக் கரண்ட் போற பிளக்கைக் கழட்டுனீங்களே, க்ளிப்பை அமுக்கியா கழட்டுனீங்க?"

"இல்லீங்க, தொட்டதும் கையோட வந்து..."

பாதியில் நிறுத்தினார். ஆயில் மாற்றிய அன்று அந்தப் பிளக்கை மாட்டியவரும் அவர்தான்.

பிளக்கை அழுத்தி மாட்டினார். வண்டிக்கடியிலிருந்து க்ளிப் 'டிக்' என்று விழும் சத்தம் கேட்டது.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த பழைய கோளாறை ஸ்கேனரால் அழித்துவிட்டு, ஓனரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வெண்ணெய் மாதிரி மாறியது. இறங்கும்போது மருதாசலத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போன உயிர் திரும்பி வந்திருந்தது.

நேராக மேஜைக்குப் போய்த் தன் மீட்டரை எடுத்தார்.

"சனியன்! என்னையக் கொலைகாரனாக்கப் பாத்துச்சே!"

பழைய இரும்பு போடும் தொட்டியைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

"அண்ணா," என்றாள் பூங்கோதை. "மீட்டர் நல்லாத்தான் இருக்குது. வயரை மட்டும் மாத்துங்க."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

மருதாசலம் மீட்டரைத் துடைத்தார். மெதுவாக மேஜையில் வைத்தார்.

"புது வயர் எங்க இருக்குதுங்க, அம்மணி?"