சேர்த்து வைப்பது வீண் செலவு

ஊத்துப்பட்டியில் பகலெல்லாம் சோலார் மின்சாரம் தாராளமாக வரும். பொழுது சாய்ந்தால் ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில்கூட மெழுகுவத்திதான். சேமிக்க பேட்டரி கேட்டுக் கேட்டு ஊரே சலித்துவிட்டது.

ஆய்வுக்கு வந்த மின்வாரியத் தலைவர் கனகசபாபதி மீசையை நீவிக்கொண்டார். "வந்ததை வந்தபோதே செலவழியுங்கள். சேர்த்து வைப்பது வீண் செலவு!" என்றார். கூட வந்த அதிகாரிகள் கைதட்டினார்கள். அவர்கள் தங்கிய விருந்தினர் விடுதியைப் பெருக்கும் வெள்ளத்தாய் கைதட்டவில்லை. அவள் தங்கைக்கு நிறைமாசம்.

மறுநாள் விடிவதற்குள் எழுந்து, வாளியில் கிடந்த கொஞ்சத் தண்ணீரில் உடம்பெல்லாம் சோப்பு பூசிக்கொண்டு தலைவர் குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"யாரங்கே! தண்ணீர் எங்கே?"

"நேத்து வந்ததை நேத்தே தென்னைக்குப் பாய்ச்சிட்டேன் ஐயா," என்றாள் வெள்ளத்தாய், கதவுக்கு வெளியே நின்று. "தொட்டியில சேத்து வைக்கிறது வீண் செலவுல்லா? வெயில் ஏறுனா மோட்டார் ஓடும்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

"எங்க ஊருப் புள்ளத்தாச்சிக செய்யுறதைத்தான் ஐயா. இருட்டுல காத்துக் கெடங்க."

வராந்தாவில் அதிகாரிகள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

அந்த வாரமே பேட்டரி வந்தது. மின் சேமிப்பு தமது நெடுநாள் கனவு என்று திறப்பு விழாவில் தலைவர் முழங்கினார். வெள்ளத்தாய் அங்கே இல்லை. பிரசவ அறையில், பளிச்சென்ற விளக்கொளியில், தங்கை பெற்ற பிள்ளை யார் ஜாடை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.