ஒரே முகம் கொண்ட இரண்டு சோற்றுக்கடை

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை இளம்பரிதி என்றொரு அரசன் ஆண்டான். காலையில் போட்ட உத்தரவை மாலையில் மாற்றுவான், இரண்டுக்கும் "ஆகா!" சொல்ல அவையில் ஆள் இருந்தது.

அந்நாட்டுப் பெருவழியில் ஆவுடை என்பவள் சோற்றுக்கடை வைத்திருந்தாள். சுவரெல்லாம் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. வாசலில் விளக்குகள் கோத்த வண்டிச் சக்கரம். உள்ளே எல்லாரும் வட்டமாகத்தான் உட்கார வேண்டும். வட்டத்தில் முதல் இலை எது, கடைசி இலை எது? உப்பு வணிகனும் சுமைகூலியும் தோளுரசச் சாப்பிட்டார்கள். எழுத்தறியாத வண்டிக்காரனும் தொலைவிலேயே சக்கரத்தைக் கண்டு மாட்டைத் தட்டுவான்.

இதைப் பார்த்து வயிறெரிந்தவர் அரசனுக்குப் பிரியமான நஞ்சுண்டராயர். கோட்டை வாசலருகே அதே பட்டை, அதே சக்கரம், அதே வட்டம் என்று ஒரு கடை திறந்தார். அரிசி மட்டும் புழுத்தது. தின்றவர்கள் வாந்தியெடுத்து, அது ஆவுடையின் கடை என்றெண்ணி அவளைத் திட்டினார்கள். செய்தி அரசன் காதுக்குப் போனது.

"சக்கரக் கடைக்காரியை இழுத்து வாருங்கள்! கடையை மூடுங்கள்!"

ஆவுடை அவையில் நின்றாள். "மகாராசா, அந்தச் சோறு என் அடுப்பில் வெந்ததல்ல. ராயர் என் கடையின் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். சனங்கள் ஏமாறுகிறார்கள்."

ராயர் சிரித்தார். "மஞ்சள் பூச இவளிடம் உத்தரவு வாங்க வேண்டுமோ? எது அவள் கடை, எது என் கடை என்று குழந்தைக்கும் தெரியும், மகாராஜா. ஒருவரும் ஏமாறவில்லை!"

"அதானே!" என்றான் அரசன்.

ஆவுடை யோசித்தாள். ஏழை சொல் அம்பலம் ஏறாது. ராயர் சொல் ஏறும். அப்படியானால் ராயர் வாயாலேயே ஏற்ற வேண்டியதுதான்.

"ராயர் சொன்னால் சரி. ஒரே ஒரு வரம் கொடுங்கள். அமாவாசைதோறும் என் கடையில் தருமச் சோறு. நாளை அமாவாசை. 'பட்டைச் சுவரும் சக்கரமும் உள்ள கடையில் தருமச் சோறு, இது அரச ஆணை' என்று பறையறையச் சொல்லுங்கள். கடைசியாகப் போட்டுவிட்டு மூடுகிறேன். யாரும் ஏமாற மாட்டார்களே, நேரே என்னிடம் வந்துவிடுவார்கள்."

"அப்படியே பறையறையுங்கள்!" என்றான் அரசன். மறுத்தால், சனங்கள் ஏமாறுவார்கள் என்று ராயரே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மறுநாள் ஊரே திரண்டது. கோட்டை வாசலில்தானே முதல் சக்கரம்! வட்டம் வட்டமாக உட்கார்ந்தார்கள். "அரச ஆணைச் சோற்றில் புழுவா?" என்று அவர்கள் அதட்ட, ராயர் தம் வீட்டுச் சம்பா அரிசியையே எடுத்துக் கொட்ட வேண்டியதாயிற்று.

உச்சிவேளையில் தலைப்பாகை அவிழ ராயர் அவைக்கு ஓடிவந்தார். "மகாராஜா! என் களஞ்சியமே காலி! என் கடையை அவள் கடை என்று நினைத்துப் பாவிகள் நுழைந்துவிட்டார்கள்!"

அரசன் ஆவுடையை அழைத்தான். கையில் அகப்பையோடு வந்தவள் கேட்டாள்: "குழந்தைக்கும் தெரியும் என்றீரே, ராயரே. வந்த அத்தனை பேருக்கும் கண் அவிந்துபோயிற்றோ?"

அரசன்தான் முதலில் சிரித்தான்.

"மஞ்சளும் கறுப்பும் எவர் சொத்தும் அல்ல. ஆனால் இந்தப் பட்டை, இந்தச் சக்கரம், இந்த வட்டம் மூன்றும் கூடினால் அது ஆவுடையின் முகம். அடுத்தவர் முகத்தை மாட்டிக்கொண்டு எவனும் கடை நடத்தக் கூடாது. ராயரே, உம் சுவருக்கு நீரே வெள்ளையடியும். ஆவுடை, உன் கடையை மூட எவருக்கும் உரிமையில்லை; எனக்கும்தான்."

அரசன் நீதி வழங்கினான் என்று புலவர்கள் பாடினார்கள். பாடட்டும். அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கியவள் ஆவுடை. வெளியே வந்ததும் அகப்பையைத் தோளில் சாத்திக்கொண்டு கடைக்கு நடந்தாள்.

மாலையில் ராயர் ஏணியில் நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். ஒரு வண்டிக்காரன் மாட்டை நிறுத்தினான்.

"ஏனப்பா, ஆவுடை கடைக்கு எப்படிப் போவது?"

ராயர் சுண்ணாம்பு சொட்டச் சொட்ட, வெள்ளையடிக்கும் மட்டையாலேயே வழி காட்டினார்.