தூசியைக் கழிக்கும் வழி

நிலோஃபருக்குத் துரோகம் செய்தவர் அவளுடைய நெறியாளரேதான். அவளது மூன்று வருட உழைப்பை முன்பின் தெரியாத ஒரு குழுவின் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டார். "அவர் விதிப்படிதானே நடந்தார்?" என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் கதையைக் கேளுங்கள், பிறகு சண்டைக்கு வாருங்கள்.

அந்த நெறியாளர், பேராசிரியர் வேதநாயகி, விண்மீன் மண்டலங்கள் எப்படி வளர்ந்து மூப்படைகின்றன என்று இருபத்தாறு வருடமாக ஆராய்பவர், பாடமும் நடத்துபவர். புது விண்மீன்கள் பிறப்பது நின்றுபோன கிழட்டு மண்டலம் சிவப்பாகத் தெரியும். வம்பு என்னவென்றால், இளம் மண்டலத்தைத் தூசி மறைத்தாலும் அதுவும் சிவப்பாகத்தான் தெரியும். இரண்டையும் பிரித்தறிய நிலோஃபர் ஒரு வழி கண்டுபிடித்தாள். அதைச் சொல்லும் ஆய்வேட்டு அத்தியாயம் இன்னும் அச்சாகவில்லை. படித்தவர் வேதநாயகி ஒருவர்தான்.

அவர் அதைப் படித்த மாதமே ஓர் ஆய்விதழ், மதிப்பிட்டுச் சொல்லும்படி வேதநாயகிக்கு ஒரு கட்டுரையை அனுப்பியது. அதே கேள்வி, வேறொரு குழு. ஆனால் தூசி மூடிய இளசுகளையும் அவர்கள் கிழடுகளின் கணக்கில் சேர்த்திருந்தார்கள். மதிப்பீட்டுக்கு வந்ததைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்பது இந்தத் தொழிலின் கட்டுப்பாடு. வேதநாயகி மூச்சு விடவில்லை. குழுவுக்கு மட்டும், இதழ் வழியாக, தன் பெயர் இல்லாமல், நிலோஃபரின் வழியை விளக்கி எழுதினார்: 'எண்ணிக்கை தவறு, தூசியை இந்த வழியில் கழியுங்கள்.'

ஐந்து மாதத்தில் திருத்திய கட்டுரை வெளிவந்தது. கடைசிப் பத்தியில், தூசியைப் பிரிக்கும் வழி சொன்ன பெயர் தெரியாத மதிப்பீட்டாளருக்கு நன்றி. நிலோஃபரின் ஆய்வேட்டில் புதிது என்று சொல்ல இனி எதுவும் மிச்சமில்லை.

அதைப் படித்த நிலோஃபர் நேரே வேதநாயகியின் அறைக்குப் போனாள். "மேடம், அது நீங்கதானே?"

"ஆமாம்மா. தப்பான கணக்கு அச்சேறக்கூடாதேன்னுதான். உன்கிட்ட எப்படிச் சொல்றது? விதி இருக்கே!"

கூட ஆய்வு செய்யும் ஜெயசீலியிடம் போய் அழுதால், அவளோ, "மேடம் உன்கிட்ட சொல்லியிருந்தா நீ அவசர அவசரமா முந்தியிருப்ப. அதுவும் திருட்டுதான்டி" என்றாள்.

விதியைக் காத்த வேதநாயகியா, கொதித்த நிலோஃபரா, ஜெயசீலியா? யார் பக்கம் நியாயம்?

ஜெயசீலி சொன்னது சரி; வேதநாயகி மௌனம் காத்தது குற்றமே இல்லை. எண்ணிக்கை தவறு என்று சொன்னதும் கடமைதான். அதோடு பேனாவை மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால், தன் மாணவியும் இதையே ஆராய்கிறாள் என்று சொல்லி, கட்டுரையை அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்கலாம். விதி அதற்கும் இடம் தருகிறது. மறுநாள் "விதி, விதி" என்று மறுபடி ஆரம்பித்த வேதநாயகிக்கு நிலோஃபர் சொன்ன பதில் இதுதான்:

"அவங்க எழுதினதை எங்கிட்ட மறைச்சீங்க, சரி மேடம். நான் எழுதினதை அவங்ககிட்ட ஏன் மறைக்கல?"