மூக்காயி வளர்த்த மொட்டைக்கழுத்துக் கோழி

ஒரே ஒரு ஊருல, மழை பேஞ்சா சேறு, பேயலைன்னா புழுதின்னு கிடக்கிற ஊருல, மூக்காயின்னு ஒருத்தி இருந்தா. வீடு வீடாப் போயி நெல்லை வாங்கியாந்து குத்திக் குடுக்கிறதுதான் அவளுக்குப் பொழப்பு. புருசன் காய்ச்சல்ல போயிட்டான், புள்ளகுட்டி கிடையாது, என்ன ஏதுன்னு எட்டிப் பாக்க அண்ணன் தம்பி கிடையாது. காலையில எந்திரிச்சா உலக்கையப் பிடிப்பா, பொழுது சாய உலக்கைய வைப்பா. யாருகூடப் பேசுவா? உரல்கிட்டப் பேசுவா. "என்ன உரலு, இன்னைக்கு ரொம்ப இடிச்சுப்புட்டேனோ, வலிக்குதா?"ன்னு கேப்பா. உரல் என்ன பதில் சொல்லும்? சிரிக்காதீங்க. தனியா இருந்து பாத்தாத்தான் தெரியும், செவத்துகிட்டக்கூடப் பேசத் தோணும்.

அதே ஊருல ராக்கப்பன்னு ஒரு பெரிய வீட்டுக்காரன். குதிரு நெறைய நெல்லு, தொழுவம் நெறைய மாடு, முத்தம் நெறைய கோழி, மனசு மட்டும் கடுகளவு. மூக்காயி அவன் வீட்டு நெல்லு பூராத்தையும் குத்திப் புடைச்சுக் குடுத்துட்டுக் கூலிக்கு நின்னா. கூலிநெல்லு அளக்க அவனுக்குக் கை வரல. இங்கிட்டுப் பாத்தான், அங்கிட்டுப் பாத்தான். முத்தத்து ஓரத்துல ஒரு கோழிக்குஞ்சு நிக்குது. கழுத்துல ஒரு இறகு கிடையாது, மத்த கோழியெல்லாம் கொத்திக் கொத்தித் துரத்தி, சாகவா இருக்கவான்னு நிக்குது. அதைத் தூக்கி அவ மடியில போட்டான். "இந்தா, உன் கூலி. பெருசானா முட்டை போடும், தின்னு கொழு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டான்.

வேற ஒருத்தியா இருந்தா மண்ணை வாரித் தூத்தியிருப்பா. மூக்காயி என்ன பண்ணா? அந்தக் குஞ்சோட நெஞ்சுல கைய வச்சுப் பாத்தா. படபடன்னு அடிக்குது. "ஏயாத்தா, உரலுக்கு இது கிடையாதே!"ன்னு சந்தோசப்பட்டுக்கிட்டு, மடியிலயே வச்சு வீட்டுக்குக் கொண்டாந்தா. வர்ற வழியிலயே வீராயின்னு பேரும் வச்சுட்டா. நிக்கத் தெம்பில்லாததுக்கு வீராயின்னு பேரு!

பேரு வச்சா ஆச்சா? கோழி வளர்க்கத் தெரியணும்ல. மூக்காயிக்கு உலக்கை பிடிக்கத் தெரியும், கோழியப் பத்தி ஒண்ணும் தெரியாது. கொண்டாந்து முத்தத்துல விட்டு, "இது உன் வீடுதான் தாயி, நல்லா சுத்திப் பாரு"ன்னு சொல்லிட்டு உலை வைக்கப் போனா. வந்து பாத்தா கோழியக் காணோம். பொழுது சாயுற நேரம், அது தத்தித் தத்தி நடந்து ராக்கப்பன் வீட்டுக்கே போயிருச்சு. அவன் வாசல்ல நின்னு, "என்ன மூக்காயி, கூலி வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டியா?"ன்னு சிரிக்கிறான். அவ கோழியத் தூக்கிட்டு வந்தா. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் கோழி வாயைத் தெறந்து பேசுது.

கோழி பேசுமான்னு கேக்குறியா? பேசும். அவகிட்ட மட்டும் பேசும். மத்தவங்களுக்கு கொக்கொக்குன்னுதான் கேக்கும். நீ குறுக்க பேசாம கேளு.

"ஏ மூக்காயி, உனக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"ங்குது. "புதுசா வந்தவளைத் தெறந்து விட்டா எங்க போவா? காலு பழகின எடத்துக்குத்தான் போகும். பஞ்சாரக் கூடையக் கவுத்து என்னை உள்ள போடு. மேல ஒரு கல்லைத் தூக்கி வையி, கீரி வந்து பெரட்டாம இருக்கும். உன் வீட்டு வாசம் எனக்குப் பழகட்டும், அப்புறம் தெறந்து விடு."

"இப்பத்தான் தாயி கண்ணு தெறக்குது"ன்னு சொல்லி, மூங்கில் பஞ்சாரம் ஒண்ணு வாங்கிக் கவுத்து, கல்லும் வச்சா. அப்புறம் கோழி எங்க மேஞ்சாலும் பொழுது சாய அவ வீட்டுக்கே வந்து அடைஞ்சுச்சு.

அப்புறம் என்ன ஆச்சு? பாசம் வந்துச்சா, பாசத்துல புத்தி கெட்டுப் போச்சு. தான் தின்கிற சோத்தையெல்லாம் அதுக்குப் போட்டா. சுடச்சுடப் போட்டா. கோழி தின்னுச்சு, தின்னுச்சு, தின்னுச்சு, இரைப்பை உப்பி அசைய முடியாம உக்காந்துருச்சு.

"ஏ மூக்காயி, உனக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? நான் என்ன புது மாப்பிள்ளையா, சோத்தைப் போட்டு அமுக்க? தவிட்டைப் பிசைஞ்சு ஒரு கை போடு, நொய்யி ஒரு கை போடு, போதும். மிச்சத்தை நான் குப்பையக் கிளறித் தேடிக்கிறேன். சட்டியில தண்ணி வையி. அடுப்புச் சாம்பலை மூலையில கொட்டு, நான் குளிக்கணும்."

"சாம்பல்லயா தாயி குளிப்ப?"

"பின்ன, உன்னைய மாதிரி மஞ்சள் தேச்சு ஆத்துலயா குளிப்பேன்? இறகுக்குள்ள இருக்கிற பேனு உதிர வேண்டாமா?"

"இப்பத்தான் தாயி கண்ணு தெறக்குது"ன்னா மூக்காயி. நெல்லு குத்துற வீட்டுல தவிட்டுக்கும் நொய்யிக்கும் என்ன பஞ்சம்? கோழி கருகருன்னு வளந்துருச்சு. கழுத்து மட்டும் மொட்டையாவே இருக்கு, ஆனா நடையப் பாக்கணுமே, ஊருக்கே பட்டா வாங்கின மாதிரி நடக்குது. கூடையில வைக்கோலைப் போட்டு மூலையில வச்சா, அதுல ஏறி உக்காந்து முட்டையும் போட்டுச்சு. முட்டை சூடா இருக்கு. மூக்காயி கன்னத்துல வச்சுப் பாத்து அழுதுட்டா. அவளுக்குன்னு யாரும் எதையும் குடுத்ததே இல்ல பாருங்க, அதான்.

அதுக்கப்புறம் ஆசை. போடப் போட எடுத்துக்கிட்டா. ஒரு நாள் கூடை காலியா கிடக்கு. மறுநாளும் காலி. தேடிப் பாத்தா, கோழி வேலிமுள்ளுக்குள்ள போயி முட்டை போட்டுட்டு வருது, சாரைப்பாம்பு வந்து முழுங்கிட்டுப் போகுது.

"ஏ மூக்காயி, உனக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" இந்தத் தடவை கோழிக்கு நெசமாவே கோவம். "வழிச்சு வழிச்சு எடுத்தா அது என்னடி வீடு? கூடையில ஒண்ணை விட்டுட்டு எடு. என் முட்டை அங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் நான் திரும்ப அங்க வருவேன்."

"இப்பத்தான் தாயி கண்ணு தெறக்குது." அன்னையிலருந்து கூடையில எப்பவும் ஒரு முட்டை கிடக்கும். அவளே பட்டினி கிடந்தாலும் அதைத் தொடமாட்டா. அந்தப் பொம்பளைய நெனச்சா எனக்கு இப்பவும் கையெடுத்துக் கும்பிடத் தோணுது.

முட்டைய அவ ஒண்டியா திங்கல. புள்ளத்தாச்சி வீட்டுக்கு ஒண்ணு, காய்ச்சல்காரன் வீட்டுக்கு ஒண்ணுன்னு குடுத்துட்டு வருவா. வந்து உக்காந்து கோழியோட பேச்சு. அவ உலக்கை போடுவா, இது சிந்தின நொய்யப் பொறுக்கும். "மெதுவாப் போடு, என் காலை நசுக்கிறாத"ன்னு இது சொல்லும். "நீ தள்ளி நில்லு, ராங்கிக்காரி"ன்னு அவ சொல்லுவா. பழைய மூக்காயியா அவ? முகமே மாறிப் போச்சு.

இதெல்லாம் ராக்கப்பன் காதுக்குப் போச்சு. அவன் வீட்டுல அத்தனை கோழி இருந்தும் முட்டை கிடையாது. இருக்குமா? கோழி எந்திரிக்கிறதுக்குள்ள அடியில கைய விட்டு உருவுவான். அதுக அவன் வீட்டுக் கூடையவே வெறுத்துப் போயி, கண்ட எடத்துல போயி முட்டை போட்டுச்சுக. "நான் தூக்கிப் போட்டது அவளுக்கு முட்டை முட்டையா போடுதா!"ன்னு அவனுக்கு வயிறு எரியுது. மூக்காயி ஆத்துக்குப் போன நேரம் பாத்து வந்தான், வீராயிய அமுக்கினான், துண்டுல சுருட்டிக் கொண்டுபோயித் தன் வீட்டுப் பஞ்சாரத்துல கவுத்துட்டான்.

மூக்காயி திரும்பி வந்து "பா பா பா"ன்னு கூப்பிட்டா. கோழி வரல. தெருத் தெருவா கூப்பிட்டா. ராக்கப்பன் வீட்டுப் பக்கம் போனதும் உள்ள இருந்து வீராயி சத்தம் வருது.

"அண்ணே, என் கோழி உள்ள இருக்கு. விட்டுருங்கண்ணே, அதை விட்டா எனக்கு யாருண்ணே இருக்கா?"

"உன் கோழியா? என் வீட்டுல பொரிஞ்சு என் வீட்டுல வளந்தது. ஊருல மொட்டைக்கழுத்து ஒண்ணுதானா? போ, போ."

அவ விடலையே. நேரா அரண்மனைக்குப் போயி ராசா கால்ல விழுந்தா. ஒரு கோழிக்கு ராசா வருவாரான்னு கேக்காத. அந்த ராசாவுக்குச் சண்டை சச்சரவு ஒண்ணும் இல்ல, பொழுது போகணும்ல, வந்தாரு. "நான் அறுப்பு வேலையில இருக்கேன் ராசா, முடிச்சுட்டு வர்றேன்"னு ராக்கப்பன் நாளைக் கடத்தினான். ஏன் கடத்தினான்? கோழிக்கு அவன் வீடு பழகட்டும்னுதான். கள்ளப்பயலுக்கு எல்லாம் தெரியும்.

அறுப்பு முடிஞ்சுது, ஊரு கூடிருச்சு. ராசா சொன்னாரு, "ரொம்பச் சுலபம்யா. கோழியத் தெருவுல விடுங்க. பொழுது சாய யாரு வீட்டுல போயி அடையுதோ, அவங்க கோழி."

விட்டாங்க. வீராயி நடந்தா. ஊரே வாயைப் பொளந்து பாக்குது. காலு பழகிருச்சுல்ல, நேரா போயி ராக்கப்பன் வீட்டுல அடைஞ்சுருச்சு. அவனுக்கு மீசை துடிக்குது. "பாத்தீங்களா ராசா?"ங்குறான். மறுபடியும் அந்த உரலும் மூக்காயியுமா? ராசா எந்திரிக்கப் போறாரு. மூக்காயி கண்ணைத் தொடச்சுக்கிட்டு முன்னால வந்தா. அதுவரைக்கும் ஊரு முன்னால அவ வாயைத் தெறந்ததே இல்ல.

"ராசா, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. சாயங்காலம் கோழி போறது தூங்க. அசதிக்கு யாரு வீட்டுலயும் தலைய சாய்க்கலாம். வயித்துப் புள்ளய இறக்கி வைக்க ஒரு பொம்பள எங்க ராசா போவா?"

ராசாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "எங்க போவா, தாய்வீட்டுக்குத்தான் போவா! எங்க அரண்மனையில எத்தனை மருத்துவச்சி! ராணி ஒருத்தியையும் திரும்பிப் பாக்கல, பல்லக்கு ஏறி அவ ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா!"

"அப்ப என் கோழி முட்டையிட எங்க போகுதுன்னு பாருங்க ராசா."

மறுநாள் விடிஞ்சதும் பஞ்சாரத்தைத் தூக்கினாங்க. வீராயி வெளிய வந்தா. ராக்கப்பன் கை நெறைய கம்புத் தானியத்தை வாரி முன்னால வீசினான். அவ நின்னா. அத்தனையும் தின்னா. ஒண்ணு மிச்சம் வைக்கல. தின்னு முடிச்சு, மூக்கை மண்ணுல தொடச்சுக்கிட்டு, அவனைத் திரும்பிக்கூடப் பாக்காம நடந்தா. மேலத்தெருவைத் தாண்டினா, கிணத்தைத் தாண்டினா, மூக்காயி வீட்டுக்குள்ள நுழைஞ்சா. மூலையில பழைய கூடை, கூடையில ஒரு முட்டை. அதை அலகால உருட்டி வயித்துக்கு அடியில தள்ளிக்கிட்டு உக்காந்தா. ராசா மூச்சு விடாம நிக்கிறாரு. புள்ளய இடுப்புல வச்சிருந்தவ புள்ள வாயைப் பொத்துறா. கொஞ்ச நேரத்துல வீராயி எந்திரிச்சு ஒரு சத்தம் போட்டா பாரு, கொக்கொக் கொக்கொக் கொக்குன்னு, ஊரு பூரா கேட்டுச்சு. கூடையில ரெண்டு முட்டை.

ராக்கப்பன் சும்மா இருந்தானா? "இது என்ன ஞாயம் ராசா! முட்டை போட்ட எடந்தான் கோழிக்கு வீடுன்னா, ஊருல எவனும் கோழி வளர்க்க முடியாதே!"ன்னு குதிக்கிறான்.

"முடியாதா? உன் முத்தத்துல இருக்கிறதையும் தெறந்து விடு, பாப்போம்"னாரு ராசா.

தெறந்தாங்க. அவ்வளவுதான். ஒண்ணு பறந்து கொல்லன் வீட்டு வைக்கப்போருக்குப் போச்சு. ஒண்ணு வண்ணாத்தி வீட்டு அழுக்குமூட்டையில ஏறி உக்காந்துச்சு. ஒண்ணு கோயில் தேர்க்கொட்டாய்க்குள்ள பூந்துச்சு. வேலி, பரண், அடுப்புமேடுன்னு ஊரு பூரா கொக்கொக்குன்னு சத்தம். ராக்கப்பன் வீட்டுல மட்டும் சத்தம் இல்ல. "போட்ட வீட்டுக்கே கோழி. தேர்க்கொட்டாயில போட்டது சாமிக்கு. மூக்காயியோட கூலிநெல்லை இப்பவே என் கண்ணு முன்னால அளந்து போடு"ன்னு சொல்லிட்டு ராசா குதிரை ஏறிட்டாரு.

கோழி கிடைச்சவங்களுக்கு வளர்க்கத் தெரியுமா? எல்லாரும் மூக்காயி வீட்டுக்கு ஓடியாந்தாங்க. "அக்கா, என் கோழி ஓடிப் போகுதே"ன்னு ஒருத்தி. "மதினி, இது தண்ணிச் சட்டியக் கவுத்துப் போடுதே"ன்னு ஒருத்தி. "சாம்பல் குளிர்ந்திருக்கணுமா?"ன்னு கொல்லன். அவ சொல்லச் சொல்ல, வீராயி காலுக்கு ஊடால நின்னு "அப்படிச் சொல்லாத, இப்படிச் சொல்லு"ன்னு திருத்துறா. உரலு ஓரமா கிடக்கு, அதுகிட்டப் பேச அவளுக்கு இப்ப நேரமே இல்ல.

ராக்கப்பன் என்ன ஆனான்? காலையில எந்திரிச்சு ஒவ்வொரு பஞ்சாரமா தூக்கிப் பாப்பான். ஒண்ணும் இருக்காது. கவுத்து வைப்பான். மறுபடியும் தூக்கிப் பாப்பான். பாவம்னு சொல்றியா? ஒரு பாவமும் இல்ல. கொஞ்சம் விட்டுவச்சு எடுத்திருந்தான்னா எல்லாம் அவன் வீட்டுலயே இருந்திருக்கும்.

கோழி அடைஞ்சாச்சு, கதையும் அடைஞ்சாச்சு. நீங்களும் ஒருத்தர ஒருத்தர் மிதிக்காம அடைஞ்சுக்கங்க.