தெருவைப் பார்த்துப் போட்ட மதிப்பெண்

மருதங்குடியை ஆண்ட வல்லபராயனுக்குக் கோபம் மட்டும் சொந்தமாக வரும். யோசனை பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருந்தவரோ தலைமை ஆசான் அகோரமூர்த்தி. கேட்க வேண்டுமா?

அந்த வருஷம் ஊரில் கொள்ளைநோய். பாடசாலைக்குப் பூட்டு விழுந்தது. ஆசான் மாடியில் காற்று வாங்கியபடி பாடம் சொல்வார். தண்டோராக்காரர்கள் அதைத் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போவார்கள். பிரமாதமான ஏற்பாடு! ராஜவீதியில் மோர் கிடைக்கும், அதனால் நின்று நிதானமாக இரண்டு தடவை கூவுவார்கள். சேறும் சகதியுமான நெசவாளர் தெரு வந்தால் மட்டும் அவர்களுக்குக் கால் வலி வந்துவிடும்.

ஒருவழியாக நோய் போனது. அரண்மனை வைத்தியரிடம் படிக்க ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெசவாளர் தெருச் செங்கமலம் அதற்காகவே தவம் கிடந்தாள். பெரிய தெரு முனைவரை ஓடிப்போய்ப் பாடம் கேட்டவள் அவள். இப்போது அரசவை விகடகவி நாகலிங்கத்தின் வாசலில் வந்து அழுதாள்.

"ஐயா, பரீட்சையே கிடையாதாம், தெருவைப் பார்த்தே மதிப்பெண் போட்டுவிட்டாராம் ஆசான். போன வருஷங்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் தேறவில்லையாம். அதனால் நானும் தேறவில்லையாம்."

"ராஜவீதிப் பிள்ளைகள்?"

"எல்லோரும் முதல் தரமாம்."

"தொட்டிலில் கிடப்பதையும் சேர்த்தா?"

"சிரிக்காதீர்கள் ஐயா."

நாகலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் சபையில் ஒரே ரகளை. அரசரின் வெள்ளி வெற்றிலைப் பெட்டியைக் காணோம்.

"இதற்கு விசாரணை எதற்கு மகாராஜா?" என்றான் நாகலிங்கம். "அதுதான் ஆசான் முறை இருக்கிறதே. இதுவரை திருடிய பயல்களெல்லாம் எந்தத் தெருவில் இருக்கிறார்கள்?"

"சிறைக்கூடத் தெருவில்" என்றார் அரசர்.

"அந்தத் தெருவில் கம்பிக்கு வெளியே குடியிருப்பவர் ஒரே ஒருவர். நம் ஆசான். பிடியுங்கள்."

காவலர்கள் கையைப் பிடித்ததும் ஆசான் அலறினார்.

"அநியாயம் மகாராஜா. தெருவைப் பார்த்தா ஆளை எடை போடுவது? என்னைக் கேளுங்கள், என்னைச் சோதித்துப் பாருங்கள்."

"நெசவாளர் தெருச் செங்கமலமும் அதைத்தான் கேட்கிறாள். தெருவைப் பார்த்துத்தானே ஆசான் அவளைத் தள்ளினார்?" என்றான் நாகலிங்கம்.

அரசருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கியது. ஆனால் விளங்கியது. "எல்லோருக்கும் பரீட்சை வையும். எல்லாத் தெருவுக்கும் போய்ச் சேர்ந்த பாடத்தில் மட்டும்தான் கேள்வி" என்றார்.

ஆசான் தலையைச் சொறிந்தார். "அப்படிப் பார்த்தால் ஒரு கேள்விகூடத் தேறாதே மகாராஜா."

"அப்படியானால் முதலில் நெசவாளர் தெருவுக்குப் போய்ப் பாடம் நடத்தும், சேற்றில் நின்று. அப்புறம் பரீட்சை. செங்கமலம் தேறினால் வைத்தியரிடம் போகட்டும்."

ஆசானை விட்டார்கள். அரசர் நாகலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "அது இருக்கட்டும், என் பெட்டி எங்கே?"

நாகலிங்கம் சால்வைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினான்.

"அடப்பாவி, திருடன் நீதானா?"

"அது எப்படி மகாராஜா? நான் குடியிருப்பது ராஜவீதி. எங்கள் தெருவில் இதுவரை எவனும் பிடிபட்டதே இல்லையே."