மூடி வைத்த தட்டு

கோயமுத்தூரில் ஒரு குருவுக்கு வயது முப்பத்து மூன்று. அவருடைய சீடருக்கு ஐம்பத்தொன்று. வயசைப் பார்த்தா வித்தை வருகிறது?

குருவின் பெயர் சௌடேஸ்வரி. 'கரைநாடு' என்ற வீடியோ விளையாட்டுக்குக் கதை எழுதுகிறவர். ஆடுகிறவர் ஒரு வீரனாகவோ வீராங்கனையாகவோ மாறி, ஊர் ஊராகத் திரிந்து, சண்டை போட்டு, சிநேகம் பிடித்து, மாதக்கணக்கில் அதற்குள்ளேயே வாழ்கிற வகை விளையாட்டு அது. ஆறு பாகங்கள் வந்து ஓடிவிட்டன. ஏழாவது தயாராகிக்கொண்டிருந்தது.

சீடர் வைத்தியலிங்கம் இருபது வருடம் டிவி தொடர்களுக்கு வசனம் எழுதியவர். அவர் எழுதிய மாமியார் ஒருத்தி, கன்னத்தில் ஓர் அறை வாங்கிவிட்டு அதைப் பற்றி ஒரு வாரம் பேசினாள். நாடே அழுதது. அந்தத் தெம்பில்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்தார். வந்த பிறகுதான் தெரிந்தது, கையில் வைத்து ஆடுகிற கன்ட்ரோலரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தனக்குத் தெரியாது என்று. சௌடேஸ்வரி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்குக் கிண்டலாக "குருவே" என்றார் வைத்தியலிங்கம். போகப் போகக் கிண்டல் கழன்றுவிட்டது, குரு மட்டும் நின்றது.

ஏழாம் பாகத்துக்குச் சீடர் ஒரு ராஜாவை எழுதியிருந்தார். நாட்டை இழந்து இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து ஓடுகிற ராஜா. ஓடுவதற்கு முன்னால் அரண்மனைப் படியில் நின்று மக்களிடம் விடைபெறுகிறார். பதினோரு நிமிடப் பேச்சு. எழுதும்போதே வைத்தியலிங்கம் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிவியில் எழுதியதெல்லாம் அடுத்தவர் கதை. இந்த ராஜா ஒருவர்தான் அவருக்கே அவருக்கென்று பிறந்த பிள்ளை.

ஆனால் விளையாடிப் பார்க்க வந்தவர்கள் ராஜா வாயைத் திறந்ததுமே, காட்சியைத் தாண்டிப் போகிற ஸ்கிப் பட்டனை அமுக்கினார்கள். அடுத்து வந்த பறக்கும் யாளியை மட்டும் வாய் பிளந்து பார்த்தார்கள். படப்பிரிவுத் தலைவர் பெலிக்ஸ் அதன் ஒவ்வொரு செதிலிலும் தீயின் நிழல் தெரிகிற மாதிரி செய்திருந்தார்.

முதலாளி சபாபதி வளைத்துப் பேசத் தெரியாத மனிதர்.

"சனிக்கிழமை இன்னொரு கூட்டம் ஆட வருதுங்க. அவங்களும் தாண்டிப் போனா ராஜா கதைய மொத்தமா எடுத்துருவோம். அந்த எடத்துல யாளி இன்னொருக்கா வரட்டும்."

வைத்தியலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. பெலிக்ஸிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

சாயந்திரம் பேக்கரியில் குருவைப் பிடித்தார். சௌடேஸ்வரி பன் பட்டர் ஜாமை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"குருவே, ஒரு கேள்வி."

"கேளுங்ணா."

"முதல் பாகத்துல படத்துல வர்ற ஆளுங்க எல்லாரும் கட்டம் கட்டமா இருந்தாங்க. மூக்கு எது, காது எதுன்னு தெரியாது. ஆனா ஜனங்க அழுதாங்கன்னு நீங்களே சொல்றீங்க. இப்ப மழை நிஜ மழை மாதிரியே பெய்யுது, ஒருத்தனும் அழ மாட்டேங்கறான். இந்தப் பளபளப்பு கதையை முழுங்கிடுச்சா இல்லையா?"

சௌடேஸ்வரி பன்னைத் தின்று முடித்தார். விரலையும் துடைத்துக்கொண்டார்.

"சனிக்கிழமை பாத்துக்கலாம்ங்ணா."

"இது பதிலா குருவே?"

"பதிலு வந்துட்டிருக்குதுங்ணா. பஸ்ஸு மாதிரி, கொஞ்சம் லேட்டாத்தான் வரும்."

வைத்தியலிங்கத்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை ப்ரோகிராம் எழுதுகிற பையன்களில் ஒருவனுக்கு நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தார். அது செரிப்பதற்குள் ராஜா பேசுகிற இடத்தில் ஸ்கிப் பட்டன் வேலை செய்யாமல் போய்விட்டது. இனி எப்படித் தாண்டுவார்கள் பார்ப்போம் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை பத்துப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். எழுதியவர்களும் வரைந்தவர்களும் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். இந்தச் சோதனை ஆட்டத்துக்குச் சௌடேஸ்வரி போட்ட சட்டம் ஒன்று உண்டு. பின்னால் நிற்பவர் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆடுகிறவர் கிணற்றில் விழுந்தாலும் சரி, வழி தெரியாமல் முட்டிக்கொண்டாலும் சரி, 'அந்தப் பக்கம்' என்று கை காட்டக்கூடாது.

ராஜா படியில் வந்து நின்றார்.

"என் மக்களே..."

பத்துக் கட்டைவிரல்களும் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கின. ராஜா நிற்கவில்லை. மறுபடி அமுக்கின. ராஜா தன் தாத்தா காலத்துக்குப் போனார். ஒருவர் கன்ட்ரோலரைத் தட்டிப் பார்த்தார். ஒருவர் போனை எடுத்தார். இரண்டு பேர் எழுந்து டீ குடிக்கப் போனார்கள், போகும்போது "முடிஞ்சதும் கூப்புடுங்க" என்று அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

முன் வரிசையில் ஹேமாவதி என்று ஒரு பெண்மணி. கணபதி என்ற பகுதியில் கிரைண்டர் சாமான் கடை வைத்திருப்பவர். முதல் பாகத்திலிருந்து கரைநாட்டை விடாமல் ஆடுகிறவர். அவராவது கேட்பார் என்று வைத்தியலிங்கம் நம்பினார். அவர் பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து நிதானமாக உரிக்க ஆரம்பித்தார். ராஜா கண்ணீர் விட்ட இடத்தில் கொட்டையைத் துப்பினார்.

வைத்தியலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. சௌடேஸ்வரி அவரைத் திரும்பிப் பார்த்தார். நெய் ரோஸ்ட் வரைக்கும் தெரிந்துவிட்ட பார்வை. ஆனால் சட்டம் சட்டம்தான், வாயைத் திறக்கவில்லை.

பிறகு யாளி வந்தது. டீ குடிக்கப் போனவர்கள் ஓடி வந்தார்கள். "யப்பா!" என்றார்கள். தீ அடங்கியதும் அவர்களும் அடங்கி, அடுத்த சண்டையைத் தேடிக் கோட்டைப் பாதையில் ஓடினார்கள். யாளியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெலிக்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகமும் சுண்டித்தான் இருந்தது என்பதை வைத்தியலிங்கம் அப்போதுதான் கவனித்தார்.

ஹேமாவதி மட்டும் கோட்டைக்குப் போகவில்லை.

ஆற்றோரம் ஒரு சின்ன வீடு இருந்தது. ஓடக்காரர் வீடு. சண்டை கிடையாது, புதையல் கிடையாது, பேச ஆளும் கிடையாது. உள்ளே போனார். அடுப்பு அணைந்திருந்தது. ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் இன்னொரு தட்டு, சோறு போட்டு மூடி வைத்தது.

ஹேமாவதி வெளியே வந்து ஆற்றைப் பார்த்தார். கரையில் ஓடத்தைக் கட்டும் முளைக்குச்சி இருந்தது, ஓடம் இல்லை. மறுபடி உள்ளே போய்த் தட்டைப் பார்த்தார். மறுபடி ஆற்றங்கரை. கரையோடு நடந்தார், திரும்பி வந்தார். கோட்டைக்குப் போகச் சொல்லித் திரையில் அம்புக்குறி துடித்துக்கொண்டே இருந்தது. அவர் சட்டையே செய்யவில்லை.

கடைசியில் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுப் பின்னால் திரும்பினார்.

"ஏனுங்க, இந்த ஊட்டுக்காரரு எங்கீங்க போனாரு?"

பின்னால் நின்றவர்கள் சட்டத்தை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

"சோறு ஆறிக் கெடக்குது பாருங்க. மூடி வெச்ச அந்தம்மா எங்க? தேடிட்டுப் போயிருச்சா?"

வைத்தியலிங்கம் குருவைப் பார்த்தார். சௌடேஸ்வரி தலையை லேசாக அசைத்தார். அந்தச் சட்டம் முதல்முறையாக அன்றைக்குத்தான் தளர்ந்தது.

"அவர் ராத்திரி ஒருத்தரை அக்கரைக்குக் கொண்டு விடப் போனாரும்மா" என்றார் வைத்தியலிங்கம். "போனவர் திரும்பலை."

"யாரைங்க?"

"ராஜாவை."

"எந்த ராஜாங்க?"

பின்னால் ஒருவருக்குச் சிரிப்பு வந்து இருமலாகிவிட்டது. வைத்தியலிங்கத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க சாத்துக்குடி உரிக்கும்போது பேசிட்டிருந்தாரே, அவர்தான்."

"அட! அவரா?" ஹேமாவதி நாற்காலியை முழுசாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "அந்த மனுசன் தப்பிக்க, சோறு திங்காத ஆளையா கூட்டிட்டுப் போனாரு? அப்பறம்?"

வைத்தியலிங்கம் சொன்னார். நடு ஆற்றில் தீ வெளிச்சம் விழுந்ததைச் சொன்னார். ராஜா பசிக்கிறது என்று சொன்னதையும், ஓடக்காரருக்கு வீட்டில் மூடி வைத்த தட்டு ஞாபகம் வந்ததையும் சொன்னார். இதையெல்லாம் அவர் எழுதியிருக்கவே இல்லை. ஹேமாவதி "அப்பறம்?" என்று கேட்கக் கேட்க வந்தது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கன்ட்ரோலரை வைத்தார்கள். போனை எடுத்தவர் போனை உள்ளே வைத்தார். சபாபதி எப்போது வந்து கதவோரம் நின்றார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"மீதிக்கு விளையாட்டு வர்ற வரைக்கும் பொறுத்துக்குங்க" என்று வைத்தியலிங்கம் நிறுத்தியபோது, சபாபதிதான் முதலில் கோபித்துக்கொண்டார்.

"என்னங்க இப்புடிப் பாதில உட்டுட்டீங்க!"

ராஜா பிழைத்தார். அவருடைய பேச்சு பிழைக்கவில்லை. அதை வெட்டியது சபாபதி அல்ல, வைத்தியலிங்கமே அன்று மத்தியானம் உட்கார்ந்து வெட்டினார். 'என் மக்களே' கூட மிஞ்சவில்லை. நெய் ரோஸ்ட் பையனைக் கூப்பிட்டு ஸ்கிப் பட்டனையும் திரும்ப வைக்கச் சொன்னார். பிறகு பெலிக்ஸைத் தேடிப் போனார்.

"அந்தத் தட்டை யாருப்பா வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். ஆளில்லாத ஓடக்காரர் வீடுன்னு மட்டும் நீங்க எழுதியிருந்தீங்க. வீடு சும்மா காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? அதான் வெச்சேன்." பெலிக்ஸ் தயங்கினார். "வேணாம்னா எடுத்துடறேன் சார்."

"எடுத்தே, கையை ஒடிச்சுடுவேன்" என்று அவர் தோளில் கை போட்டுக்கொண்டார் வைத்தியலிங்கம். மனசு பஞ்சாகிவிட்டது.

மூன்று பேரும் பேக்கரிக்குப் போனார்கள். அன்று பன் பட்டர் ஜாம் சீடர் செலவு.

"குருவே, நான் கேட்ட கேள்வி அப்படியே நிக்குது."

"எந்தக் கேள்விங்ணா?"

"படம் கதையை முழுங்கிடுச்சான்னு கேட்டேனே. தட்டு இவரோட படம். ராஜா என்னோட கதை. இப்ப யார் யாரை முழுங்கினதுன்னு எனக்கே புரியலை. நீங்கதான் சொல்லணும்."

சௌடேஸ்வரி டீயை ஆற்றினார்.

"உங்க ராஜா மூச்சு உடாமப் பேசுனாருங்ணா. பெலிக்ஸோட யாளி மூச்சு உடாம நெருப்பக் கக்குச்சு. ரெண்டு பேருமே ஹேமாவதியக்காவ ஒரு வார்த்தை கேக்க உடலீங்களே. அந்தத் தட்டுதான் உட்டுச்சு."