பாகற்காய் முதலை

குளத்தங்கரை மருதமரத்தில் செவத்தி என்ற மந்தி தன் மகள் மின்னியுடன் வாழ்ந்து வந்தது. அந்த வருஷம் மழை பொய்த்ததால் காட்டில் ஒரு பழம்கூட இல்லை. கரையோரப் பாகல் கொடி மட்டும் காய்த்துத் தொங்கியது.

"கசக்குது. வேண்டாம்" என்றது மின்னி. நாலே நாளில் அதன் விலா எலும்பு தெரிந்தது.

பயந்துபோன செவத்தி, பல்லாலும் நகத்தாலும் செதுக்கிப் பாகற்காயில் ஒரு கிளி செய்தது. மின்னி கிளியின் வாலை மட்டும் தின்றது. மறுநாள் மயில் செய்தால் தோகை கோணல் என்றது. ஆமை செய்தால், "இது ஏன் நடக்கலை?" என்றது. செவத்திக்கு நகம் தேய்ந்து, தோள்பட்டை விட்டுப்போயிற்று. பிள்ளை பெற்றவர்களுக்கு இந்தக் களைப்பை விளக்க வேண்டியதில்லை.

ஒருநாள் செதுக்கவே தெம்பில்லாமல் காயைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. மேலெல்லாம் சொரசொரப்பு, முதுகெல்லாம் முள். அட, குளத்து முதலையேதான்! வாய்க்கு ஒரு கீறல், கண்ணுக்கு இரண்டு விதை. வேலை முடிந்தது.

"இதோ முதலை. தின்னு பார்ப்போம்."

மின்னி தலையை முதலில் கடித்தது.

"கசக்கலையாடி?"

"முதலைன்னா கசக்கத்தானே செய்யும்."

அன்று முதல் வேளைக்கு இரண்டு முதலை. "குளத்து முதலைக்கு உன்னைக் கண்டாலே நடுக்கம்" என்று செவத்தி ஏற்றிவிட்டது வேறு. மின்னிக்குச் சதை பிடித்தது. பல நாளைக்குப் பிறகு செவத்தி பகலில் நிம்மதியாகக் கண்ணயர்ந்தது.

அப்போதுதான் மின்னி கீழே இறங்கியது. கரையில் நிஜ முதலை வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன குட்டி, இவ்வளவு கிட்ட வர்றே?"

"உன்னைத் தின்னத்தான். எனக்கு முதல்ல தலை வேணும்."

முதலை எத்தனையோ குரங்குகளைத் துரத்திச் சலித்திருந்தது. ஒன்றுகூட இப்படித் தானாக நடந்து வந்ததில்லை. "தாராளமா" என்று வாயைத் திறந்தது.

மின்னி கையை நீட்டியது. அந்த நேரம் கண் விழித்த செவத்தி ஒரே தாவாகத் தாவி, மகளை வாரிக்கொண்டு மரமேறியது. ஏறிய பிறகுதான் தன் வாலில் பாதி இல்லாதது தெரிந்தது.

மின்னி நடுங்கிக்கொண்டே கேட்டது: "அதுக்கு என்னைக் கண்டா நடுக்கம்னு நீதானேம்மா சொன்னே?"

வால் போன வலியைவிட அந்தக் கேள்விதான் செவத்தியை அழ வைத்தது.

மறுநாள் செவத்தி ஒரு முழுக்காயை மகள் முன் வைத்தது. "இது பாகற்காய். கசக்கும். மழை வர்ற வரைக்கும் நமக்கு இதுதான்." தானும் ஒன்றைக் கடித்து முகம் சுளித்தது. மின்னி அம்மாவின் பாதி வாலைப் பார்த்தது, காயைப் பார்த்தது. பிறகு அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்று முடித்தது.

கசப்பைப் பொய்யில் பொதிந்து ஊட்டினால் கசப்பு செரித்துவிடும், பொய்தான் பிள்ளையின் வயிற்றில் தங்கிவிடும்.